கடைக்குப் புதிதாக வந்த பின்னல் நூல்: தேர்ந்தெடுப்பது முதல் பின்னி முடிப்பது வரை

நூல் கடையில் புதுச்சரக்கு அடுக்கிய அன்று போனால், கண் முதலில் நிறத்தில்தான் போய் நிற்கும். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு நூல் ஸ்வெட்டராகுமா, சால்வையாகுமா, இல்லை வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்குமா என்பதை நிறம் முடிவு செய்வதில்லை. தடிமன், இழை, முறுக்கு, மீட்டர் ஆகிய நான்கும்தான் முடிவு செய்கின்றன. நூலை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பேட்டர்ன் (எதை எப்படிப் பின்னுவது என்ற செய்முறைக் குறிப்பு) தேடுகிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. பேட்டர்னை முதலில் எடுத்துவிட்டு நூல் தேடுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் உதவும்.

முதலில், ஊசியில் இருப்பது என்ன?

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் பாதியில் நிற்கும் வேலைகளை வெளியே எடுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த அளவு ஊசி மாட்டியிருக்கிறது, நூல் எவ்வளவு மிச்சம், இன்னும் எவ்வளவு பின்ன வேண்டும் என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்குச் சமையலறைத் தராசு போதும். ஒரு ஸ்வெட்டரின் முதல் கை 62 கிராம் நூல் எடுத்திருந்தால் இரண்டாவது கையும் அவ்வளவுதான் எடுக்கும். கையில் 50 கிராம்தான் இருக்கிறது என்றால், கடையில் நீங்கள் முதலில் தேட வேண்டியது புதுச்சரக்கை அல்ல, பழைய சாய எண்ணை (ஒரே சாயத்தொட்டியில் தோய்த்த நூல்களுக்கு லேபிளில் போடும் எண்).

ஒரே நேரத்தில் எத்தனை வேலை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதி கிடையாது. தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டிய லேஸ் (துளைகளால் கோலம் வரும் பின்னல்) ஒன்று, பேசிக்கொண்டே பின்னக்கூடிய ஸ்டாக்கினெட் (முன்பக்கம் வழவழப்பாக வரும் எளிய பின்னல்) ஒன்று, பையில் போட்டு எடுத்துப் போக ஒரு ஜோடி சாக்ஸ் என்று மூன்று வகை இருந்தால் வேலை தேங்காது. மூன்றுமே சிக்கலான வேலையாக இருந்தால்தான் மூன்றும் நின்றுபோகும்.

லேபிளைப் படிப்பது

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது தடிமன் பிரிவு. பல நாட்டு நூல்களில் 0 முதல் 7 வரை ஓர் எண், ஒரு சின்ன நூல் சிட்டத்தின் (வளையமாகச் சுற்றி முறுக்கிய நூல் கட்டு) படத்துக்குள் அச்சாகியிருக்கும். 0 என்பது லேஸ், 1 சாக்ஸ் நூலான ஃபிங்கரிங், 2 ஸ்போர்ட், 3 டிகே (டபுள் நிட்டிங்), 4 வொர்ஸ்டட், 5 பல்கி, 6 சூப்பர் பல்கி, 7 ஜம்போ. ஸ்டாக்கினெட்டில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) வரும் என்பதே இந்தப் பிரிவுகளுக்கு அடிப்படை. ஃபிங்கரிங்கில் 27 முதல் 32, டிகேயில் 21 முதல் 24, வொர்ஸ்டட்டில் 16 முதல் 20, பல்கியில் 12 முதல் 15.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நூல்களில் இதே விஷயம் பிளை கணக்கில் இருக்கும். 4 பிளை என்றால் ஏறக்குறைய ஃபிங்கரிங், 8 பிளை டிகே, 10 பிளை வொர்ஸ்டட், 12 பிளை பல்கி. 8 பிளை என்று போட்டிருப்பதால் நூலைப் பிரித்தால் எட்டுப் புரி இருக்கும் என்று அர்த்தமில்லை. அது தடிமனைக் குறிக்கும் பழைய வழக்கம், அவ்வளவுதான்.

ஊசி எண்ணில் இதைவிடப் பெரிய குழப்பம் உண்டு. அமெரிக்க எண் 8 என்பது 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் எண் 8 என்பது 4 மி.மீ. அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். யாராவது "எட்டாம் நம்பர் ஊசியில் பின்னு" என்று சொன்னால் உடனே மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேளுங்கள். பழைய ஊசிகளில் எண் அழிந்திருந்தால், துளைகள் போட்ட ஊசி அளவுத் தகடு ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது எடையும் நீளமும். வாங்கும்போது கிராமை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். 100 கிராம் ஃபிங்கரிங் சிட்டம் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். அதே 100 கிராம் டிகே 225 மீட்டர் அளவில் நிற்கும். பருத்தி நூல் கம்பளியைவிடக் கனம் என்பதால், அதே தடிமனில் மீட்டர் இன்னும் குறையும். பேட்டர்ன் "6 உருண்டை" என்று கேட்டால் அந்த உருண்டை எத்தனை மீட்டர் என்று பார்த்து, மொத்த மீட்டரைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

சாய எண் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். நிற எண் வேறு, சாய எண் வேறு. நிற எண் ஒன்றாக இருந்தும் சாய எண் மாறினால், கடை வெளிச்சத்தில் தெரியாத வித்தியாசம் பகல் வெளிச்சத்தில் மார்புக்குக் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். எல்லா உருண்டையிலும் ஒரே எண்தானா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கையால் சாயமேற்றிய நூலுக்குப் பெரும்பாலும் இந்த எண்ணே கிடையாது. அதை எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் வருகிறது.

துவைக்கும் குறிகளில் மூன்று தெரிந்தால் போதும். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். சதுரத்துக்குள் வட்டம் என்பது டிரையர். எதன் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ அது கூடாது.

இழையும் முறுக்கும்

லேபிளை வைத்துவிட்டு நூலைத் தொடுங்கள். விரல் நுனி போதாது, அது கொஞ்சம் தடித்த தோல். கழுத்தின் பக்கவாட்டிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ வைத்துப் பாருங்கள். அங்கே அரித்தால் கழுத்தில் சுற்றும் எதற்கும் அந்த நூல் ஆகாது. மேல்சட்டையாகவோ பையாகவோ பின்னலாம்.

கம்பளிக்குத் தன் வடிவத்துக்குத் திரும்பும் குணம் உண்டு. இழுத்துவிட்டால் சுருங்கி நிற்கும். ரிப் விளிம்பும் (இழுபட்டுச் சுருங்கும் பட்டைப் பின்னல்) சாக்ஸும் குல்லாவும் அதனால்தான் கம்பளியில் நன்றாக அமைகின்றன. பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. ரிப் பின்னினால் கொஞ்ச நாளில் தொளதொளத்துவிடும். அல்பாகா (தென் அமெரிக்க விலங்கின் ரோமம்) மெத்தென்று கதகதப்பாக இருக்கும், ஆனால் தன் கனத்தில் தானே தொங்கும். முழு அல்பாகாவில் நீள ஸ்வெட்டர் பின்னினால் அது இன்னும் நீளமாகும். பட்டும் மூங்கில் விஸ்கோஸும் வழிந்து விழுவதால் சால்வைக்கு நல்லவை. லினன் பின்னும்போது கயிறு போல விறைத்திருக்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். ஸ்வாட்ச்சை (அளவு பார்க்கப் பின்னும் சோதனைத் துண்டு) கழுவிப் பார்க்காமல் லினனை ஒதுக்கிவிடாதீர்கள்.

சூப்பர்வாஷ் என்று எழுதிய கம்பளி இப்போது எங்கும் நிறைந்திருக்கிறது. கம்பளி முடியின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் சாதாரணக் கம்பளி வெந்நீரில் சுருங்கித் தடித்துப் போகிறது. சூப்பர்வாஷ் முறையில் அந்தச் செதில்களை வேதிப்பொருளால் மழுக்குவார்கள். பெரும்பாலும் மேலே மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுப்பார்கள். மெஷினில் போடலாம், நிறமும் பளிச்சென்று பிடிக்கும். ஆனால் நனைந்தால் நன்றாகவே நீளும். குழந்தை உடுப்புக்கும் சாக்ஸுக்கும் இது வசதி. கனமான ஸ்வெட்டருக்கு என்றால் நான் சூப்பர்வாஷ் ஆகாத கம்பளியைத்தான் எடுப்பேன்.

அக்ரிலிக்கை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. தேவையில்லாத ஏளனம். அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைப் போர்வைக்கும், கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது சரியான நூல்தான். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள். இழை உருகி, பின்னல் உயிரில்லாமல் தட்டையாகிவிடும். பிறகு சரிசெய்ய முடியாது.

இனி முறுக்கு. நூல் நுனியைப் பிடித்து எதிர்த்திசையில் திருகினால் எத்தனை புரி என்று தெரியும். ஒரே புரியாக இருப்பது மிருதுவாக, பளபளப்பாக இருக்கும், உரசும் இடத்தில் சீக்கிரமே பிசிறு உருளும். அதைச் சால்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு புரியை இறுக்கமாக முறுக்கிய நூல் உருண்டு நிற்பதால் கேபிள் வேலை (சடைபோலக் குறுக்கிட்டுப் போகும் பின்னல்) எடுப்பாகத் தெரியும், உழைக்கவும் செய்யும். சாக்ஸ் நூலில் இறுக்கமான முறுக்கோடு 20 முதல் 25 சதவீதம் நைலான் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குதிகாலில் ஓட்டை விழுவதைத் தள்ளிப்போடுவது அதுதான். மெல்லிய வலைக் குழாய்க்குள் இழையை ஊதி அடைத்த நூல்களும் வருகின்றன. தடித்துத் தெரிந்தாலும் எடை மிகக் குறைவு. பல்கி ஸ்வெட்டர் கனக்கக் கூடாது என்றால் அவற்றைப் பாருங்கள்.

மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்), பட்டு கலந்த லேஸ் நூலைத் தனியாகப் பின்னுவதைவிட, ஃபிங்கரிங் நூலோடு சேர்த்து இரட்டையாகப் பின்னுவது சுலபம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய டிகே தடிமனுக்கு வரும், மேலே ஒரு மெல்லிய புகைமூட்டம் போல ரோமம் நிற்கும். ஆனால் மொஹேரைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பேட்டர்ன் மனப்பாடமான பிறகே அதில் கை வையுங்கள்.

கையில் உள்ள மீட்டருக்கு என்ன பின்னலாம்?

ஒரே ஒரு சிட்டம் பிடித்துப்போய் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் ஃபிங்கரிங் என்றால் பெரியவர்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸ், அல்லது ஒரு சிறிய முக்கோணச் சால்வை. தோளை மூடும் பெரிய சால்வைக்கு இரண்டு சிட்டம் வேண்டும். வொர்ஸ்டட் 100 கிராம் ஒரு குல்லாவுக்குப் பெரும்பாலும் போதும். நடுத்தர அளவுள்ள ஒருவருக்கு டிகேயில் எளிய ஸ்வெட்டர் என்றால் 1,100 முதல் 1,300 மீட்டர் வரை ஆகும். கேபிள் இருந்தால் இன்னும் கூடும், ஏனென்றால் கேபிள் அகலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நிறம் நிறமாகச் சிதறிய கைச்சாய நூலுக்கு எளிய பின்னல்தான் பொருத்தம். அதில் நுணுக்கமான லேஸ் போட்டால் நிறமும் தெரியாது, லேஸும் தெரியாது. பெரிய வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைச்சாயச் சிட்டங்கள் தேவைப்பட்டால் இரண்டு சிட்டங்களை மாற்றி மாற்றி, இரண்டு வரிக்கு ஒன்றாகப் பின்னுங்கள். சிட்டத்துக்குச் சிட்டம் உள்ள நிற வேறுபாடு கலந்து மறைந்துவிடும்.

இரண்டு நிறம் வைத்துப் பின்னலில் உருவம் போடும் வேலை என்றால், கடையிலேயே இரண்டு சிட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பின்னிய உருவமும் எடுபடாது. சிவப்பும் பச்சையும் இப்படி ஏமாற்றும். அடர் சிவப்பு, அடர் நீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியில் நூல் நுனியை அழுத்திப் பார்ப்பதும் நல்லது. சாயம் இறங்கினால் வெள்ளை நூலோடு சேர்க்காதீர்கள்.

சிட்டத்தை உருண்டையாக்குவது

முறுக்கி மடித்து விற்கும் சிட்டத்திலிருந்து நேராகப் பின்ன முடியாது. விரித்தால் பெரிய வளையமாக வரும். இரண்டு மூன்று இடங்களில் கட்டியிருப்பார்கள். வளையத்தை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, அல்லது யாராவது கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் கட்டுகளை வெட்டுங்கள். மாட்டுவதற்கு முன் வெட்டினால் சிக்கெடுக்கவே மாலை போய்விடும். சுற்றும்போது நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள். விரல்களுக்கு மேல் தளர்வாகச் சுற்றி, விரலை உருவிவிட்டு மேலும் சுற்றுங்கள். விறைப்பாகச் சுற்றிய கம்பளி நீண்ட நிலையிலேயே பின்னப்பட்டு, கழுவியதும் சுருங்கும். அதற்குள் நீங்கள் எடுத்த அளவெல்லாம் பொய்யாகிவிடும். சுற்றும்போதே முடிச்சோ மெலிந்த இடமோ கண்ணில் பட்டால் அங்கேயே ஒரு நிற நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

ஸ்வாட்ச்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப்போக ஆசைப்படுகிறார்கள். மஃப்ளருக்கும் சால்வைக்கும் தாண்டலாம். உடம்பில் பொருந்த வேண்டிய எதற்கும் தாண்டக் கூடாது.

டிகே நூல், 4 மி.மீ. ஊசி என்று எடுத்துக்கொள்வோம். 36 கண்ணி ஏற்றுங்கள். முதல் நான்கு வரியும் கடைசி நான்கு வரியும் கார்ட்டர் (இரு பக்கமும் மேடுபள்ளமாக வரும், சுருளாத பின்னல்), இரு ஓரத்திலும் மும்மூன்று கண்ணி கார்ட்டர், நடுவில் ஸ்டாக்கினெட். இந்த கார்ட்டர் ஓரம் இல்லாவிட்டால் துண்டு பாய்போலச் சுருண்டுகொள்ளும், அளக்க முடியாது. உயரம் 15 செ.மீ. வரும்வரை பின்னுங்கள். நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி அதை அளப்பது வீண் வேலை. ஓரக் கண்ணிகள் எப்போதும் இழுத்துக்கொண்டு நிற்பதால் கணக்கு தப்பாகவே வரும்.

இப்போது முடித்து, கழுவாமல் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். பிறகு, முடித்த உடுப்பை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே இதையும் துவைத்து, இழுக்காமல் படுக்கவைத்துக் காயவிடுங்கள். மறுபடி அளவுகோலை நடுப்பகுதியில் வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அரை என்றே எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் 100 செ.மீ. சுற்றளவில் ஐந்து கண்ணி காணாமல் போகும்.

கழுவுவதற்கு முன் 24, கழுவிய பின் 22 என்று வந்தது என்று கொள்வோம். உங்கள் ஸ்வெட்டரின் மார்புச் சுற்றளவு 104 செ.மீ. ஆக வேண்டும். கழுவிய கணக்கில் சுமார் 228 கண்ணி. கழுவாத கணக்கை நம்பினால் 250 கண்ணி ஏற்றியிருப்பீர்கள். முதல் துவையலுக்குப் பிறகு சுற்றளவு 113 செ.மீ.க்கு மேல் போயிருக்கும். அப்படியே ஒரு அளவு பெரிதாகிவிட்டது.

பேட்டர்ன் கேட்பதைவிடக் கண்ணி அதிகமாக வந்தால் பின்னல் இறுக்கம். ஊசியை ஒரு அளவு தடிப்பாக்குங்கள். குறைவாக வந்தால் மெலிந்த ஊசி. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், பத்து வரிக்குள் கை தன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும். மூங்கில் ஊசியிலிருந்து உலோக ஊசிக்கு மாறினால்கூட இறுக்கம் மாறும். வட்டமாகப் பின்னப் போகும் வேலைக்கு ஸ்வாட்ச்சையும் வட்டமாகவே பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னும்போது ஒரு வரி விட்டு ஒரு வரி பர்ல் (கண்ணியைப் பின்பக்கமாகப் போடுவது) வருகிறது, பலருக்கு பர்ல் வரி கொஞ்சம் தளர்வாக விழும்.

அகலம் சரியாக வந்து வரிக்கணக்கு மட்டும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம். "40 செ.மீ. வரும்வரை பின்னவும்" என்று நீளத்தை அளவாகச் சொல்லும் பேட்டர்னில் அது பிரச்சினையே இல்லை. ராக்லான் (கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகக் கை இணைவது), யோக் (தோள்பகுதியை வட்டமாகப் பின்னுவது) வேலைகளில்தான் வரிக்கணக்கைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு நூல் தேவை என்பதையும் இதே துண்டு சொல்லும். 15 × 15 செ.மீ. துண்டு 10 கிராம் என்றால், 75 × 90 செ.மீ. குழந்தைப் போர்வை அதைப்போல் 30 மடங்கு பரப்பு. 300 கிராம் தேவை, பத்து சதவீதம் கூட்டி வாங்குங்கள். கார்ட்டரில் பின்னுவதாக இருந்தால் ஸ்வாட்ச்சும் கார்ட்டரிலேயே இருக்கட்டும். அது அதிக நூல் தின்னும்.

தொடங்கிய பிறகு

கண்ணி ஏற்ற நீள்வால் முறை (நூல் நுனியை நீளமாக விட்டு, அதையும் சேர்த்துக் கண்ணி போடுவது) போதும். வால் நூலை, பின்னப்போகும் அகலத்தைப்போல் மூன்று மடங்கு விட்டுக்கொண்டு கூடவே ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டமாகச் சேர்க்கும் முன் எல்லாக் கண்ணியின் அடியும் ஊசிக்குக் கீழே ஒரே பக்கம் பார்க்கிறதா என்று சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு முறுக்கு உள்ளே போய்விட்டால் பின்னால் எடுக்க வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும்.

லேஸ் வேலையில் ஒவ்வொரு பேட்டர்ன் சுற்று முடிந்ததும் வழவழப்பான வேறு நிற நூலை ஒரு தையல் ஊசியில் கோர்த்து, பின்னல் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டிவிடுங்கள். மேலே எங்கே தப்பினாலும் அந்த வரி வரைதான் பிரியும். கண்ணி அடையாள வளையங்களுக்குள் அந்த நூலை விடாதீர்கள்.

உருண்டை மாறும்போது, சூப்பர்வாஷ் ஆகாத கம்பளியாக இருந்தால் இரு நுனிகளையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாக உருட்டுங்கள். ஒட்டி ஒரே நூலாகிவிடும். சூப்பர்வாஷிலும் பருத்தியிலும் இது நடக்காது. ஓரத்தில் மாற்றி, நுனிகளைப் பிறகு பின்பக்கம் கோர்த்துவிடுங்கள். நூல் தீரும் தறுவாயில் இன்னொரு வரி வருமா என்ற சந்தேகம் வந்தால், அகலத்தைப்போல் மூன்று மடங்கு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணி முடிக்கும் வரிக்கு நான்கு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி, பிளாக் செய்வது (ஈரத்தோடு அளவுக்குப் பரப்பிக் காயவிடுவது)

முடித்த வேலையை இளஞ்சூடான நீரில் கொஞ்சம் கம்பளி சோப்பு விட்டு இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கசக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். எடுக்கும்போது இரு கையாலும் அடியில் தாங்கி எடுக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நீரின் கனமே அதை இழுத்து நீட்டிவிடும். துண்டில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் ஈரம் போய்விடும். பிறகு சமதளத்தில் பரப்பி அளவுநாடாவால் அளந்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். லேஸ் சால்வையை மட்டும் தாராளமாக இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவிடுங்கள். ஊசியில் கசங்கிக் கிடந்தது அப்போதுதான் லேஸாக விரியும். ரிப் விளிம்பை இழுக்காதீர்கள். அக்ரிலிக் இப்படி நனைத்துக் குத்தினால் அதிகம் மாறாது. ஆவியைத் தொலைவிலிருந்து லேசாகக் காட்டினால் படியும்.

கம்பளி, அல்பாகா உடுப்புகளைக் கழுவாமல் மடித்து வைக்காதீர்கள். அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு வியர்வையும் உணவுக்கறையும் பட்ட கம்பளிதான் மிகவும் பிடிக்கும்.

மிஞ்சிய நூலைத் தூக்கிப் போட வேண்டாம். தராசில் வையுங்கள், 100 கிராமுக்கு 225 மீட்டர் உள்ள நூலில் 28 கிராம் மிச்சம் என்றால் 63 மீட்டர் இருக்கிறது. லேபிள், ஸ்வாட்ச், ஊசி அளவு எழுதிய சீட்டு மூன்றையும் அதோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். முழங்கையில் ஓட்டை விழும்போது ஒட்டுப்போட நூல் அங்கேயே இருக்கும். அதே நூல் மறுபடி கடைக்கு வந்தால் ஸ்வாட்ச் வேலையும் மிச்சம்.